தெருவுக்குக் கீழே ஒரு கடை

சிகாகோவின் மிச்சிகன் அவென்யூ இரண்டு அடுக்குகள் கொண்ட தெரு. எல்லோருக்கும் தெரிந்தது மேல் அடுக்கு: உயரமான கட்டடங்கள், விலை கூடிய துணிக்கடைகள், ஆற்றின் மேல் பாலம், படம் எடுத்துக்கொண்டு நிற்கும் கூட்டம். 1909இல் டேனியல் பர்ன்ஹாமும் எட்வர்ட் பென்னெட்டும் வகுத்த நகரத் திட்டம் இந்தத் தெருவுக்கு வித்திட்டது. மனிதர்களும் கார்களும் மேலே போகட்டும், சரக்கு வண்டிகள் கீழே போகட்டும் என்று தெருவையே இரண்டாக அடுக்கினார்கள். இரண்டடுக்குப் பாலம் 1920இல் திறக்கப்பட்டது. மேலிருந்து படிக்கட்டில் இறங்கினால் பகலிலும் விளக்கு எரியும் ஒரு கீழ்த்தெரு வருகிறது. தலைக்கு மேலே கான்கிரீட், அதன் மேல் ஓடும் வண்டிகளின் அதிர்வு, பக்கவாட்டில் பெரிய கட்டடங்களின் சரக்கு வாசல்கள். அந்த இருட்டில்தான் ஆட்டின் படம் போட்ட பலகையோடு பில்லி கோட் டாவர்ன் இருக்கிறது.

கதவைத் திறந்ததும் முதலில் வருவது ஓசை. கல்லில் இறைச்சி பொரியும் ஓசை, அதற்கு மேல் ஒரு மனிதக் குரல். வாடிக்கையாளர் வாய் திறப்பதற்குள் முகப்பில் நிற்பவர் கேட்டுவிடுவார்: ‘டபுள் சீஸ்?’ கேள்வி போலத் தொடங்கி உத்தரவு போல முடியும் குரல் அது. ஒன்று போதும் என்று தயங்கினால், டபுள்தான் நல்லது என்பார். உருளைக்கிழங்கு வறுவல் கேட்டால், ஃப்ரைஸ் கிடையாது, சிப்ஸ்தான். பெப்ஸி கேட்டால், பெப்ஸி கிடையாது, கோக்தான். பணத்தைக் கொடுத்து நிமிர்வதற்குள் தட்டு வந்துவிடும். வெங்காயம், ஊறிய வெள்ளரித் துண்டு, கெட்சப், கடுகு சாஸ் எல்லாம் தனி மேசையில் இருக்கும். வேண்டியதை நாமே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே தட்டைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ரொட்டி பெரியது, மேல்பக்கம் பூவிதழ் போலப் பிளவு கண்ட கைசர் ரொட்டி. அதனுள்ளே இருக்கும் இறைச்சி மெல்லியது. ஒற்றை பர்கர் வாங்கியவருக்கு ரொட்டியின் நடுவில் இறைச்சி ஒளிந்துகொண்டது போலத் தோன்றும். முதல் கடியில் பாதி ரொட்டிதான் வாய்க்கு வரும். இரண்டோ மூன்றோ அடுக்கி வாங்கும்போதுதான் ரொட்டியும் இறைச்சியும் உருகிய சீஸும் ஒன்றுக்கொன்று ஈடாகின்றன. அதனால் ‘டபுள் சீஸ்’ என்ற அந்த அதட்டலை வெறும் விற்பனைத் தந்திரம் என்று தள்ளிவிட முடியாது. அது சரியான சமையல் ஆலோசனையும்கூட. கேட்டு வாங்கியவர் திருப்தியோடு போகிறார், கேளாதவர் குறைப்பட்டுக்கொண்டு போகிறார்.

இந்தக் கடைக்கு வருபவர்கள் எதைப் பெற்றுக்கொண்டு போகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. பர்கரின் சுவைக்காக என்ற பதில் போதாது. இதைவிடச் சுவையான பர்கர் சிகாகோவில் பல இடங்களில் கிடைக்கும். பழமைக்காக என்பதும் பாதி பதில்தான். என் பார்வையில், இந்தக் கடை ஒரே பண்டத்தை வைத்துக்கொண்டு மூன்று காலங்களில் மூன்று விதமான வாடிக்கையாளர்களுக்கு மூன்று விதமான பொருளை விற்றிருக்கிறது. முதலில் வம்பு, பிறகு இருக்கை, கடைசியில் காட்சி. இவற்றில் நடுவில் உள்ளதுதான் விலைமதிப்பில்லாதது. கடையைச் சுற்றியிருந்த நகரம் மாறியபோது கடை இழந்ததும் அதைத்தான்.

வம்பிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 டிசம்பர் 5 அன்று முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டே, கிரீஸிலிருந்து குடியேறிய வில்லியம் சியானிஸ் மேற்கு மேடிசன் தெருவில், சிகாகோ ஸ்டேடியம் என்ற அரங்குக்கு எதிரே, லிங்கன் டாவர்ன் என்ற மதுக்கூடத்தை வாங்கினார். விலை 205 டாலர். அவர் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பியது என்றும், முதல் வார இறுதி வியாபாரத்திலேயே கடனை அடைத்துவிட்டார் என்றும் குடும்பம் பெருமையோடு சொல்லிவருகிறது. போகும் வண்டியிலிருந்து விழுந்த ஓர் ஆட்டுக்குட்டி கடைக்குள் நுழைந்தது, அதை அவர் வளர்த்தார், தாமும் ஆட்டுத்தாடி வைத்துக்கொண்டார், கடைக்குப் பெயர் மாறியது. குடும்பக் கதைகளுக்கே உரிய மெருகு இதில் ஏறியிருக்கும். ஆனால் ஆடும் தாடியும் உண்மை, படங்கள் இருக்கின்றன.

சியானிஸுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருந்தது. எதிரில் இருக்கும் அரங்குக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். அவர்கள் தம் கடைக்குள் நுழைய ஒரு காரணம் வேண்டும். 1944இல் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு அந்த அரங்கில் நடந்தது. குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பலகையைத் தொங்கவிட்டார் சியானிஸ். நியாயம் கேட்க வந்தவர்களால் கடை நிரம்பியது. வந்தவர்கள் குடிக்காமல் போகவில்லை. செய்தித்தாள்களிலும் இடம் கிடைத்தது. ‘இல்லை’ என்று சொல்லி ஆளை உள்ளே இழுக்கும் கலை அன்றே இந்தக் கடையில் இருந்தது. ஃப்ரைஸ் இல்லை, பெப்ஸி இல்லை என்ற இன்றைய குரலுக்கு அந்தப் பலகைதான் மூதாதை.

அடுத்த ஆண்டு அக்டோபர் 6. பேஸ்பால் உலகத் தொடரின் நான்காவது ஆட்டம், ரிக்லி ஃபீல்டில். சிகாகோ கப்ஸ் அணி டெட்ராய்ட் டைகர்ஸை எதிர்த்து 2-1 என்று முன்னிலையில் இருந்தது. சியானிஸ் இரண்டு டிக்கெட்டுகளோடு போனார், ஒன்று தமக்கு, மற்றொன்று ஆட்டுக்கு. ஆட்டை வெளியேற்றிவிட்டார்கள். கோபத்தில் அவர் சாபமிட்டதாகச் சொல்லப்படுகிறது. கப்ஸ் அன்று தோற்றது, ஏழாவது ஆட்டத்தில் தொடரையும் இழந்தது, அதன் பிறகு எழுபத்தோர் ஆண்டுகள் உலகத் தொடரை எட்டிப் பார்க்கவில்லை. ஒரு மதுக்கூடக்காரரின் முணுமுணுப்பு எப்படி நகரத்தின் புராணமானது? அந்தக் கடையில் குடித்தவர்கள் மறுநாள் காலை நகரம் படிக்கப்போவதை எழுதுகிறவர்களாக இருந்தார்கள் என்பதே நான் காணும் விடை. கேட்ட கதை அச்சில் ஏறியது, அச்சில் ஏறியது மறுபடி கடைப் பேச்சானது.

1964இல் கடை இன்றைய இடத்துக்கு, கீழ் மிச்சிகன் அவென்யூவுக்கு மாறியது. இருட்டுக்குள் இறங்கிப் போகும் கடைக்கு யார் வருவார்கள் என்று தோன்றலாம். ஆனால் தலைக்கு மேலே இருந்தவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் 1925இல் கட்டி முடித்த, ட்ரிப்யூன் நாளிதழின் கோபுரம். சற்றுத் தள்ளி ஆற்றோரத்தில், சன்-டைம்ஸ், டெய்லி நியூஸ் ஆகிய நாளிதழ்கள் ஒரே கூரையின் கீழ் இயங்கிய கட்டடம். நிருபர்கள், உதவி ஆசிரியர்கள், புகைப்படக்காரர்கள், அச்சுக் கோப்பவர்கள், இயந்திரம் ஓட்டுபவர்கள், நாளிதழ்க் கட்டுகளை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர்கள் எல்லோரும் சில நூறு அடிகளுக்குள் இருந்தார்கள். அவர்களுக்கு வேலை முடியும் நேரம் என்று ஒன்று கிடையாது. காலைப் பதிப்பு, மாலைப் பதிப்பு என்று எப்போதும் யாரோ வேலை முடித்துப் பசியோடு இறங்கிவந்துகொண்டே இருப்பார்கள். பதிப்புக்கும் பதிப்புக்கும் நடுவே கிடைக்கும் அரைமணி நேரத்தில் சாப்பிட்டுக் குடித்துத் திரும்ப வேண்டும்.

அந்த அரைமணி நேரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கடையின் அமைப்பைப் பார்த்தால் எல்லாம் விளங்கும். மெல்லிய இறைச்சி சீக்கிரம் வேகும். எண்ணெய்ச் சட்டி இல்லாததால் உருளைக்கிழங்கு பொரிந்து வரும்வரை யாரும் காத்திருக்க வேண்டாம். சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தால் போதும். ஒரே வகைக் குளிர்பானம் என்றால் எது இருக்கிறது என்ற விசாரணை மிச்சம். பரிமாறுபவர் மேசைக்கு வந்து எழுதிக்கொண்டு போவதில்லை. முகப்பில் இருப்பவர் கல்லின் முன்னால் நிற்பவருக்குக் கத்திச் சொல்வதுதான் சீட்டு. அந்தக் கூச்சல் ஒரு தொழில்மொழி. பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது, எத்தனை இறைச்சித் துண்டு கல்லில் விழ வேண்டும் என்பதைத் தவறில்லாமல் கடத்தும் மொழி. ஆங்கிலம் தாய்மொழியல்லாத கிரேக்கர்களின் வாயில் அது ‘சீஸ்போர்கர்’ ஆனது.

அங்கே பழக்கமாக வந்தவர்களில் பெரும்பெயர் மைக் ராய்கோ. டெய்லி நியூஸில் வாரத்துக்கு ஐந்து பத்திகள் எழுதியவர். மேயர் ரிச்சர்ட் டேலியைப் பற்றி 1971இல் ‘பாஸ்’ என்ற நூலை வெளியிட்டார்; மறு ஆண்டு அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ராய்கோவின் பெற்றோரே மதுக்கூடம் நடத்தியவர்கள். அதன் மாடி வீட்டில் வளர்ந்தவர் அவர். உழைக்கும் மக்கள் மாலையில் என்ன பேசுவார்கள், எதற்குச் சிரிப்பார்கள், எந்த அரசியல்வாதியை எப்படித் திட்டுவார்கள் என்பதெல்லாம் சிறுவயதிலேயே காதில் விழுந்தவை. பில்லி கோட்டில் அவர் உட்கார்ந்தது அந்தக் காதைப் பழக்கத்தில் வைத்துக்கொள்வதற்காகவும்தான் என்று நினைக்கிறேன். டெய்லி நியூஸ் மூடியதும் சன்-டைம்ஸுக்குப் போனார். 1984இல் ரூபர்ட் மர்டாக் அதை வாங்கியதும் ட்ரிப்யூனுக்கு மாறினார். மூன்று பத்திரிகைகள் மாறினார், மதுக்கூடத்தை மாற்றவில்லை. வாடிக்கையாளர் அனுபவம் என்று இன்று நிறுவனங்கள் எதையெதையோ அளக்கின்றன. வேலை போனாலும், முதலாளி மாறினாலும், அதே நாற்காலியில் போய் உட்காரலாம் என்ற உறுதியை எந்த அளவுகோலில் குறிப்பது? இருக்கை என்று நான் சொன்னது அதைத்தான்.

1978ஆம் ஆண்டின் முதல் சில வாரங்களில் மூன்று சம்பவங்கள் நடந்தன. இந்தக் கடையின் வரலாற்றில் இவற்றைச் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது வேறொரு மதுக்கூடத்தைப் பற்றியது. சன்-டைம்ஸ் பத்திரிகையும் பெட்டர் கவர்ன்மென்ட் அசோசியேஷன் என்ற அமைப்பும் சேர்ந்து 1977இல் வெல்ஸ் தெருவில் ஒரு மதுக்கூடத்தையே வாங்கின. பெயர் மிராஜ், அதாவது கானல்நீர். நிருபர்களே மது ஊற்றிக் கொடுத்தார்கள்; மறைவில் இருந்து புகைப்படம் எடுத்தார்கள். கட்டடத்தைச் சோதிக்க வந்தவர், தீத்தடுப்பு ஏற்பாட்டைப் பார்க்க வந்தவர் என்று நகராட்சி ஆய்வாளர்கள் கவரை வாங்கிக்கொண்டு குறைகளைக் காணாமல் போனது பதிவானது. 1978 ஜனவரியில் தொடர் வெளிவந்து நகரத்தை உலுக்கியது. ஆள்மாறாட்டத்தின் மூலம் கிடைத்த செய்தி என்பதால் புலிட்சர் பரிசு மறுக்கப்பட்டது. சரியா தவறா என்ற அந்த வாதம் இதழியல் வகுப்புகளில் இன்னும் ஓயவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. நகரத்தின் ஊழலைப் பிடிக்க நினைத்தவர்களுக்கு மதுக்கூடம்தான் பொருத்தமான பொறியாகத் தோன்றியது. மதுக்கூடத்தில் உட்கார்ந்தே நகரத்தைக் கற்றவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

இரண்டாவது, ஜனவரி 28. நியூயார்க்கிலிருந்து ஒளிபரப்பாகும் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் ஒரு நாடகத் துணுக்கு வந்தது. ஒலிம்பியா என்ற கற்பனை உணவகம். முகப்பில் ஜான் பெலூஷி, கல்லின் முன்னால் டான் அய்க்ராய்ட், துணைக்கு பில் முர்ரே. வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் அவர்கள் சீஸ்பர்கரைத்தான் கத்துவார்கள். இதை எழுதிய டான் நொவெல்லோ முன்பு சிகாகோவில் விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். பில்லி கோட்டில் சாப்பிட்டவர். நாடகத்தில் கோக் கிடையாது, பெப்ஸிதான். கடையில் இருப்பதோ நேர்மாறு.

மூன்றாவது, மார்ச் 4. நூறாண்டு கடந்த டெய்லி நியூஸ் தன் கடைசி இதழை வெளியிட்டது.

கடையின் கூச்சல் நாடு முழுக்கத் தெரியவந்த சில வாரங்களில், கடைக்கு உயிராக இருந்த பத்திரிகை ஒன்று மறைந்தது. ஒன்றால் மற்றொன்று நடக்கவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில்தான் கடையின் வாடிக்கையாளர் மாறத் தொடங்கினார். அதுவரை கூச்சலைக் கேட்டவர்கள் அவசரத்தில் இருந்தவர்கள். அவர்களுக்காகத்தான் அந்தக் கூச்சல். அதற்குப் பிறகு வந்தவர்கள் கூச்சலைக் கேட்பதற்காகவே வந்தவர்கள். வேலையின் மொழி வசனமாயிற்று.

1970இல் வில்லியம் சியானிஸ் இறந்த பிறகு கடையை நடத்திவந்தவர் அவருடைய உறவினரான சாம் சியானிஸ். தொலைக்காட்சியில் தங்கள் உச்சரிப்பைப் பார்த்து நாடு சிரித்ததும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் கூச்சலையே கடையின் அடையாளமாக ஏற்றுக்கொண்டார். அது சுவரில் எழுத்தாகவும் ஏறியது. இதைக் குடியேறியவரின் பணிவு என்று சிலர் வாசிக்கலாம். நான் அப்படி வாசிக்கவில்லை. பெலூஷியே அல்பேனியாவிலிருந்து வந்த தந்தைக்குப் பிறந்தவர். அந்தத் தந்தையும் உணவகம் நடத்தியவர். அந்த நடிப்பில் கேலியோடு வீட்டு நினைவும் கலந்திருக்கிறது. வியர்வை சொட்ட ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தும் மனிதனின் களைப்பை வெளியாள் ஒருவரால் அவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்க முடியாது.

இன்று அங்கே போய்வருபவர்களின் அனுபவம் இரண்டாகப் பிரிவதை எளிதில் காணலாம். பர்கருக்காகப் போனவர்கள் இறைச்சி மெலிசு, ரொட்டி அதிகம், ஃப்ரைஸ்கூட இல்லை, நின்று யோசிக்க விடவில்லை என்று குறை சொல்கிறார்கள். ஒவ்வொரு குறையும் உண்மை. கதைக்காகப் போனவர்கள், முகப்பில் இருந்தவர் சரியான சுருதியில் கத்தினார் என்று மகிழ்ச்சியோடு திரும்புகிறார்கள். அவர் அன்று அமைதியாக இருந்துவிட்டால் இவர்களுக்கு ஏமாற்றம். எட்டு மணி நேரம் கல்லின் அனலில் நிற்கும் ஒருவர் சோர்ந்த நேரத்திலும் உற்சாகமாக அதட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இப்போது அவருடைய வேலையில் ஒரு பகுதி. இந்தக் கடையைப் பற்றி எழுதுபவர்கள் அந்த உழைப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிகாகோவுக்குப் பர்கரில் இன்னொரு வரலாறும் உண்டு. 1955 ஏப்ரலில் ரே க்ராக் தம் முதல் மெக்டொனால்ட்ஸ் கடையை நகரத்தை ஒட்டிய டெஸ் பிளெய்ன்ஸில் திறந்தார். அங்கும் மெல்லிய இறைச்சி, சுருக்கமான பட்டியல், வேகம். பில்லி கோட்டின் கல்லும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. வித்தியாசம், வாங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதில் இருந்தது. க்ராக்கின் கடை வாங்கியவரை விரைவில் அனுப்பிவைக்கும்படி அமைந்தது. முதல் ஆண்டுகளில் உள்ளே உட்கார இடமே கிடையாது. பில்லி கோட்டில் சாப்பாடு வேகமாக வரும், அதன் பிறகு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். வேகமான கல்லும் அவசரமில்லாத பாரும் ஒரே அறையில் இருந்தன.

அந்த பாரை நிரப்பியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ட்ரிப்யூனின் அச்சு இயந்திரங்கள் 1980களின் தொடக்கத்தில் வேறிடத்துக்கு மாறின; அவற்றோடு அச்சுத் தொழிலாளர்களும் போனார்கள். சன்-டைம்ஸ் கட்டடம் இடிக்கப்பட்டு அந்த இடத்தில் 2009இல் டிரம்ப் கோபுரம் நின்றது. 2018இல் ட்ரிப்யூனே தன் கோபுரத்தைக் காலி செய்தது; அது இப்போது குடியிருப்பு. கடைச் சுவர்களில் மட்டும் அந்தக் காலத்து நிருபர்களின் பெயர்கள், செய்தித்தாளில் அச்சான அதே எழுத்துருவில், பெரிதாக்கி ஒட்டப்பட்டிருக்கின்றன. தட்டோடு உட்காரும் பயணிகளின் கண்கள் ஆட்டின் படத்தையும் நடிகர்களின் படத்தையும்தான் தேடுகின்றன. அந்தப் பெயர்களில் பெரும்பாலானவற்றை இனிப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. எனக்கு அந்தக் கடையில் மிகவும் பிரியமான இடம் அந்தச் சுவர்தான்.

ராய்கோவின் கடைசிப் பத்தி 1997 மார்ச் 21 அன்று ட்ரிப்யூனில் வந்தது. அவர் எடுத்துக்கொண்ட விஷயம் ஆட்டுச் சாபம். கப்ஸ் தோற்றதற்கு ஆடு காரணமில்லை என்று வாதிட்டார். ஜாக்கி ராபின்சன் 1947இலேயே நிறத்தடையை உடைத்த பிறகும், கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்காமல் ஆண்டுகளைக் கடத்திய அணி நிர்வாகமே காரணம் என்றார். கப்ஸ் அணியில் எர்னி பேங்க்ஸும் ஜீன் பேக்கரும் களமிறங்கியது 1953 செப்டம்பரில்தான். நண்பரின் கடைக்குப் பேரும் வியாபாரமும் தேடித்தந்த கதையை, அந்தக் கடையிலேயே பல்லாண்டுகள் உட்கார்ந்து குடித்த ஒருவர், தம் கடைசி எழுத்தில் கழற்றிப் போட்டார். அடுத்த மாதம் 29ஆம் தேதி இறந்தார்.

கப்ஸ் அணி மீண்டும் உலகத் தொடருக்குத் தகுதி பெற்றது 2016 அக்டோபர் 22 அன்று. வில்லியம் சியானிஸ் இறந்ததும் ஓர் அக்டோபர் 22தான், 46 ஆண்டுகளுக்கு முன்னால். நவம்பர் 2 இரவு கிளீவ்லாந்தில் தொடங்கிய ஏழாவது ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸ்வரை நீண்டு, நள்ளிரவு தாண்டி கப்ஸின் வெற்றியில் முடிந்தது. 1908க்குப் பிறகு அதுவே முதல் கோப்பை. சாபம் தீர்ந்துவிட்டது. சுவரில் இருக்கும் ஆட்டை யாரும் எடுக்கவில்லை. கீழ்த்தெருவில் மறுநாளும் கல் சூடேறியது, படியிறங்கி வந்தவரிடம் முகப்பில் நின்றவர் கேட்டார், டபுள் சீஸா என்று.